எடை குறைக்கும்போது வரும் வலி: ஆயர் ஈத்தாம் வாசகிக்கு மருத்துவர் பதில்

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 51. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்களாக நின்றுகொண்டே செய்யும் வேலை. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அரசாங்க கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோப்ரில், ஹைட்ரோகுளோரோதயாசைட் என்ற சிறுநீர் மாத்திரை, கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் என்று மூன்று மருந்து கொடுக்கிறார்கள். தைப்பூசம் முடிந்த கையோடு எடை பார்த்தபோது 84 கிலோ. உயரம் 155 செண்டிமீட்டர். பயந்துபோய்ச் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டார். காலையில் காய்கறி ஜூஸ், மதியம் மட்டும் சாப்பாடு, இரவு பட்டினி. அதோடு வாரத்தில் நான்கு நாள் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை ஏறி இறங்கியிருக்கிறார். ஆறே வாரத்தில் 9 கிலோ குறைந்தது.

அப்போது ஓர் இரவு வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடக் கத்தும் அளவுக்கு வலி. மறுநாள் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு, இரத்தமும் எடுத்து, "யூரிக் ஆசிட் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் படி இறங்கும்போது இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் தேய்மானம் என்றும், மூட்டுக்குள் ஜெல் ஊசி போட்டால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தொடையும் எப்போதும் கனத்து வலிக்கின்றன. இதையெல்லாம் பார்த்த நாத்தனார், வாட்ஸ்அப்பில் வாங்கிய "மூலிகை மூட்டுவலி கேப்சூல்" கொடுத்திருக்கிறார். காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பிட்ட அன்றைக்கே வலி பறந்துவிட்டதாம். ஐந்து வாரமாக அதுதான். ஆனால் ஒருநாள் விட்டால் வலி இரு மடங்காகத் திரும்புகிறது, பசி அடங்கவில்லை, முகம் உப்பியிருக்கிறது, எடை மறுபடி 77 ஆகிவிட்டது.

அவர் முக்கியமாகக் கேட்பவை நான்கு. உடற்பயிற்சியை நிறுத்திவிடவா? வலித்தால்தான் கொழுப்பு கரைகிறது என்று உடன் வேலை செய்கிறவர் சொல்வது உண்மையா? ஜெல் ஊசி போட்டுக்கொள்ளலாமா? கேப்சூலைத் தொடரலாமா, மூலிகைதானே?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற மூன்றும் ஒரு மாதம் காத்திருந்தாலும் குடி முழுகிவிடாது. கேப்சூல் விஷயம் நாளைக்கே கவனிக்க வேண்டியது.

அதற்கு முன் ஒன்று. "உடம்பெல்லாம் ஒரே வலி" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் அதில் குறைந்தது மூன்று வலிகள் இருக்கின்றன: பெருவிரல் வலி, முழங்கால் வலி, தொடை வலி. மூன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம், வைத்தியமும் வேறு. மூன்றையும் ஒரே கேப்சூல் ஒரே நாளில் அடக்குகிறது என்றால், அதற்குள் என்னதான் போட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி வர வேண்டும்.

முதலில் அந்தக் கேப்சூல்

நீங்கள் அனுப்பிய படத்தில் டப்பாவின் மேல் ஒரு முழங்கால், ஒரு துண்டு இஞ்சி, "நூறு விழுக்காடு இயற்கை" என்ற எழுத்து, இவ்வளவுதான் தெரிகிறது. மலேசியாவில் முறையாகப் பதிவான எந்த மருந்திலும், பாரம்பரிய மருந்தாக இருந்தாலும், எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். எண் இருந்தாலும் போதாது, அது உண்மைதானா என்று தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் டப்பாவில் தேடுவதற்கு எண்ணே இல்லை.

மூட்டுவலிக்கு என்று விற்கும் இந்த மாதிரிப் பதிவில்லாத ஜாமு, கேப்சூல், பொடி வகைகளில் வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. உங்கள் கேப்சூலிலும் அது இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. அதைப் பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே நாளில் வலி மறைவது, விட்டால் இரு மடங்காகத் திரும்புவது, அடங்காத பசி, உப்பிய முகம், பட்டினி கிடந்தும் ஏறும் எடை என்று நீங்களே எழுதியிருக்கும் அடையாளங்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களிடம் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பவை. எந்த மூலிகையும் இப்படி ஓர் இரவில் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இங்கே நிறையப் பேர் தவறு செய்வது, விஷயம் தெரிந்ததும் கோபத்தில் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடுவதுதான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, நமக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், அது தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறீர்கள். திடீரென்று நிறுத்தினால் கடுமையான அசதி, வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிவது என்று போய், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே நாளைக்கே கிளினிக்குப் போங்கள், டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். டாக்டர் உங்களைப் பார்த்து, தேவைப்பட்டால் அளவு தெரிந்த மருந்தைக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார். ஏற்கெனவே நிறுத்தியிருந்து வாந்தியோ மயக்கமோ வந்தால், கிளினிக்கில் வரிசையில் உட்கார வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "ஐந்து வாரம் இந்த மாத்திரை சாப்பிட்டேன்" என்று முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

இன்னொரு கவலை சிறுநீரகம். பெரிண்டோப்ரிலும் சிறுநீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர், அதன்மேல் டைக்ளோஃபெனாக் வகை வலி மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். பட்டினி கிடந்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், வெயிலில் வியர்வை கொட்டப் படி ஏறுகிறவருக்கு இது இன்னும் மோசம். பார்மசியில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். அதனால் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம், பொட்டாசியம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இந்தக் கேப்சூல் கதையை நாங்கள் கேட்காத மாதமே கிடையாது.

பெருவிரல் சொன்ன சேதி

நள்ளிரவு, பெருவிரலின் அடிமூட்டு, சிவப்பு, போர்வை படக்கூட முடியாத வலி. எழுதியதைப் படித்த உடனே எனக்குத் தோன்றியது கௌட்தான், அதாவது இரத்தத்தில் கூடும் யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வாதம். "யூரிக் ஆசிட் சரியாக இருக்கிறது என்றார்களே" என்று கேட்பீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் இரத்தத்தில் யூரிக் ஆசிட் பலருக்கு இயல்பான அளவிலேயே காட்டும். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து எடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும். அன்றைக்கு வந்த முடிவை வைத்து கௌட் இல்லை என்று தள்ளிவிட முடியாது.

இது உங்களுக்கு ஏன் இப்போது வந்தது? பெண்களுக்கு மாதவிலக்கு இருக்கும் வரை ஈஸ்ட்ரோஜென் யூரிக் ஆசிட்டைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது; நின்ற பிறகு அந்தப் பாதுகாப்புக் குறைந்துவிடும். ஹைட்ரோகுளோரோதயாசைட் யூரிக் ஆசிட்டை ஏற்றும். கடும் பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்களும், யூரிக் ஆசிட் சிறுநீரில் போவதைத் தடுக்கும். போதாக்குறைக்குத் தண்ணீர்ச் சத்துக் குறைவு. நான்கும் உங்களிடம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எடை குறைவது கௌட்டுக்கு நல்லதுதான், நீண்ட நாளில் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும். தடாலடியாகக் குறைப்பதுதான் வினை.

சிறுநீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "எனக்கு கௌட் மாதிரி வந்தது, இந்த மருந்தை மாற்றலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்று இருக்கிறது. லொசார்டான் போன்ற அழுத்த மருந்து யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை இரத்தப் பரிசோதனை வந்தபின் அவர்தான் சொல்ல வேண்டும்.

பருப்பு, கீரை, தக்காளி எல்லாவற்றையும் யாரோ சொன்னார்கள் என்று ஒதுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாவம் அந்தப் பருப்பு, அதன் மேல் தப்பே இல்லை. காய்கறி, பருப்பு வகைகளில், உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பியூரின் இருந்தாலும் அவற்றால் கௌட் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஒதுக்க வேண்டியது ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புகள், அளவில்லாமல் நெத்திலி, சார்டின், கிளிஞ்சல் வகை, பீர், அப்புறம் சர்க்கரைத் தண்ணீர். சோற்றை விட்டவர் வேலை இடைவேளையில் சிராப் பண்டுங்கும் டப்பா பானமும் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சோற்றைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு அதை விட்டிருப்பேன்.

முழங்காலும் தண்ணீர்மலையும்

வலித்தால்தான் கொழுப்பு கரைகிறது என்பது சுத்தப் பொய். கொழுப்பு கரைவது வலிக்காது. புதிய பயிற்சிக்குப் பிறகு தசை வலிப்பது உண்டு. மறுநாள், அதற்கடுத்த நாள் கூடி, இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். அது தசைக்குப் பழக்கமில்லாத வேலை கொடுத்ததன் வலி, அவ்வளவுதான். மூட்டுக்குள்ளே வரும் வலி வேறு.

எடை குறைத்தது வீணாகவில்லை. ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. 9 கிலோ குறைத்தபோது ஓர் அடிக்கு 36 கிலோ குறைந்தது. தொடக்க எடையில் பத்து விழுக்காடு குறைந்தாலே முழங்கால் வலியில் நல்ல மாற்றம் தெரியும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியே விட்டீர்கள்.

அப்புறம் ஏன் வலிக்கிறது? தண்ணீர்மலைப் படிகள் 513. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். சமதரையில் நடப்பதைவிடப் படியிறங்கும்போது பாரம் கூடுதல். உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் ஒரே காலில் விழும். அந்தப் பாரத்தைத் தாங்கி உடம்பை மெதுவாகக் கீழே இறக்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். பழக்கமே இல்லாமல் முதல் வாரத்திலிருந்தே முழுப் படியும் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். கூடவே பட்டினி. அரைகுறைச் சாப்பாட்டில் வேகமாக எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும். பிரேக் பிடிக்க வேண்டிய தசையே கரைந்துகொண்டிருக்கும்போது வேலை மட்டும் கூடினால் முழங்கால் என்ன செய்யும்?

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்ததைப் பற்றிக் கலங்காதீர்கள். 50 வயதுக்கு மேல் வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அது தெரியும். படத்தில் தேய்மானம் அதிகமாக இருந்து வலி குறைவாக இருப்பவரும் உண்டு, நேர்மாறாக இருப்பவரும் உண்டு. ஜெல் ஊசிக்கு நான் அவசரப்பட மாட்டேன். அதன் பலன் உறுதியாகத் தெரியாததால், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டி அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. குளுக்கோசமைன் மாத்திரைக்கும் அதே பதில்தான். அந்த வழிகாட்டி முன்னால் வைப்பது தசைப் பயிற்சியையும் எடைக் குறைப்பையும். ஊசிக்காக ஒதுக்கிய பணத்தை இயன்முறை சிகிச்சையாளரிடம் கொடுத்தால் எனக்குத் திருப்தி. அரசாங்க கிளினிக்கிலேயே கேட்டால் அதற்கு எழுதிக் கொடுப்பார்கள்.

ஆகவே உடற்பயிற்சியை நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள். ஆறு வாரமாவது முருகனைக் கீழே இருந்தே கும்பிடுங்கள், அவர் கோபிக்க மாட்டார். நடைக்கு ஜெலுத்தோங் பக்கம் கர்ப்பால் சிங் டிரைவின் கடலோரப் பாதை சமதரை, காற்றும் உண்டு. பக்கத்தில்தானே என்று ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பாதையை எடுக்காதீர்கள், அது ஏற்றம். வாரத்தில் ஐந்து நாள், முதலில் 15 நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். நீச்சல் குளம் கிடைத்தால் தண்ணீரில் நடப்பது இன்னும் நல்லது. உங்கள் அடுக்குமாடியில் ஒரு வசதி இருக்கிறது: ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். கொடிமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் திரும்பும்போது ரயிலைப் பிடிப்பதும் இதே கணக்குதான். லிஃப்ட் கெட்டுப்போய்ப் படியில்தான் இறங்க வேண்டும் என்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதிகம் வலிக்கிற காலை முதலில் கீழே வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில்.

தொடைத் தசைக்கு ஒரே ஒரு பயிற்சியைச் சொல்லித் தருகிறேன். ஒழுங்காகச் செய்தால் அதுவே பெரிய வேலை. ஆடாத, முழங்கால் உயரமுள்ள ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். நாற்காலியின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்தில் வைத்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றே பின்னால் இருக்கும்படி இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை முன்னால் சாய்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், விடாதீர்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழுந்தால் அது கணக்கில் சேராது. எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கடினமாக இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் தொடரலாம், அது மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். முழங்கால் மடங்கி மாட்டிக்கொள்வது, திடீரென்று பாரம் தாங்காமல் மடிந்துவிடுவது, காய்ச்சலோடு ஒரே மூட்டு சூடாக வீங்குவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தொடை வலி

படி இறங்கியதால் வந்த தசை வலியாகவே இது இருக்கலாம். ஆனால் படி ஏறாத வாரத்திலும் இரண்டு தொடையும் ஒரே மாதிரி கனக்கிறது என்கிறீர்கள். சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இப்படி வருவதுண்டு, பயிற்சி தொடங்கியதும் அது வெளியே தெரியும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் டி குறைந்தாலும் இதே வலிதான். எனவே சி.கே. என்ற தசைப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், உங்கள் இதயத்துக்கு அது தேவைப்படலாம்; அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாற்றவோ வழி உண்டு. தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாடு

வாரத்துக்கு ஒன்றரை கிலோ குறைத்தீர்கள். அரைக் கிலோ போதும், மிஞ்சிப் போனால் ஒன்று. கேப்சூல் பிரச்சினை தீரும் வரை எடை இயந்திரத்தையே பார்க்காதீர்கள். இப்போது ஏறியிருக்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கலாம்.

இரவுப் பட்டினியை விடுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டு, ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பரிசோதனை நன்றாக வந்தால் உங்களுக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், உள்ளங்கை அளவு மீன் துண்டில் சுமார் 20, நூறு கிராம் தெம்பேயில் 19 வரை. காலையில் பசியாற வெறும் ஜூஸுக்குப் பதிலாக இரண்டு முட்டையும் ஒரு தோசையும் சாம்பாரும். மதியம் ஒரு கைப்பிடி சோறு, மீன், இரண்டு காய். இரவு தௌஹூவோ தெம்பேயோ கங்கோங்கோடு பிரட்டியது, பருப்பு. சனிக்கிழமை நாசி கண்டார் ஆசை வந்தால் போங்கள். சோற்றைப் பாதியாகக் கேட்டு, குழம்பை எல்லாக் குண்டானிலிருந்தும் கலந்து ஊற்ற விடாமல், கோழியோ மீனோ ஒரு துண்டு. தே தாரேக்குப் பதிலாகப் பால் இல்லாத தே ஓ, சீனி இல்லாமல்.

வலிக்கு வீட்டில் என்ன செய்யலாம்

கிளினிக்கில் பார்க்கும் வரை வேறு வலி மாத்திரை எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், பாரசிட்டமோல் மட்டும். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி. பொதுவாக நாளைக்கு எட்டுதான் உச்சம். இவ்வளவு நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு நான் ஆறுக்கு மேல் சொல்ல மாட்டேன். சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமோல் இருக்கும், அதையும் எண்ணிக்கையில் சேருங்கள். முழங்காலுக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல மருந்து, சிறுநீரக முடிவு வந்ததும் டாக்டரிடம் கேட்டுத் தடவலாம்.

கோடாலித் தைலம் தடவட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தொடையிலும் முழங்காலிலும் தாராளமாகத் தடவுங்கள், இதமாக இருக்கும். அதன்மேல் வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள், தோல் பொத்துவிடும். பெருவிரல் மறுபடி சிவந்தால் தைலமும் வேண்டாம், உருவி விடவும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுத்து, மறுநாளே டாக்டரைப் பாருங்கள். கௌட்டுக்கான கோல்சிசின் போன்ற மருந்து வலி தொடங்கிய முதல் நாளில் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

வேலை

எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுத்தால், தவறாமல் வேலைக்கு வருவதற்குத் தரும் வருகைப் படி (அலவன்ஸ்) போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்து அந்தப் படி குறையலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு ஆண்டுக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு வேலைச் சட்டப்படி உரிமை. நாள் கணக்கில் எம்.சி. எடுப்பதைவிட, சில வாரங்களுக்கு உட்கார்ந்து செய்யும் இடம் தரும்படி லைட் டியூட்டி கடிதம் கேட்பது உங்களுக்கு அதிகம் உதவும். எழுதிக் கேட்டால் டாக்டர் கொடுப்பார். சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் காகிதம் இல்லாமல் கேட்பதைவிட மதிப்பு உண்டு.

இன்னொரு விஷயம். உங்கள் நாத்தனாரும் அதே கேப்சூலை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, சமீபத்தில் ஏனோ அது கட்டுக்குள் வரவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவரிடம் சண்டை போடாதீர்கள், நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருக்கிறார். அவரும் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, நாளைக்கு உங்களோடு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பதிவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு வெள்ளிதான்.